கத்திரி வெயிலில் சமையல்கட்டு

மே 3

நாளை கத்திரி ஆரம்பம். கத்திரியில் வீட்டு வேலை தொடங்கக் கூடாது என்று அத்தை ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று காலை அவரே சுத்தியலோடு வந்து, சிங்க்குக்கு மேலே இருந்த மஞ்சள் டைல்ஸில் ஓங்கி ஒன்று போட்டார். "ஆரம்பிச்சாச்சு. இனிமே நடக்கிறது பாக்கி வேலைதான்." எண்பத்தொரு வயது. மூலை மட்டும்தான் பெயர்ந்தது.

அந்த மஞ்சள் 2009-ல் நான் எடுத்தது. அப்போது எல்லார் வீட்டுச் சமையல்கட்டிலும் திராட்சைக் கொத்து, பழக்கூடை. எனக்கு அது வேண்டாம், வெறும் மஞ்சள்தான் என்று இவரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்து வாங்கினேன். இப்போது பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது.

மே 5

வெள்ளை. முடிவு செய்தாகிவிட்டது. சுவர், கப்போர்டு எல்லாம் வெள்ளை. மேடை மட்டும் கருப்பு கிரானைட்.

ஆரணியிலிருந்து ஃபோன் இல்லை.

மே 6

டைல்ஸ் வெள்ளையாகவே இருக்கும், சரி. நடுவில் ஓடும் கோடு? இரவு பதினொன்றரை வரை கிரவுட் வீடியோவாகப் பார்த்தேன். சாதா சிமெண்ட் கிரவுட் மஞ்சளையும் எண்ணெயையும் குடித்துவிடும். எபாக்ஸி குடிக்காது, ஆனால் விலை கூட. பூசின கையோடு துடைக்காவிட்டால் டைல்ஸ் மேலேயே கெட்டியாகிவிடுமாம். மூன்று வேளையும் தாளிக்கிற வீடு இது. வீடியோவில் காட்டுகிற சமையல்கட்டு எதிலும் ஒரு எண்ணெய்த் தூக்கைக்கூடக் காணோம்.

பெங்களூரிலிருந்து பெரியவள்: "டயாலிசிஸ் வார்டு மாதிரி இருக்கும்மா." வேலூரில் பிறந்த பெண்ணுக்கு உவமைகூட ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கிறது. அவளிடம் ஆரணி பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

மே 8

பச்சை.

மே 9

மேஸ்திரி நொந்துபோனார். "இன்னாக்கா, அன்னிக்கு வெள்ளைன்னீங்க, இன்னிக்குப் பச்சைன்றீங்க. கடையில போய் நான் இன்னாத்தக் கேக்கறது?"

நானே போனேன். கடையில் டியூப்லைட் கீழே ஒரு பச்சை, அதையே வாசலுக்கு எடுத்து வந்தால் வேறு பச்சை. சாம்பிள் ஒன்று கேட்டு வாங்கிவந்து அடுப்புக்குப் பின்னால் சாய்த்துவைத்திருக்கிறேன். காலை வெயிலில் வாழைக் குருத்து. ராத்திரி ஏழு மணிக்குச் சாணி.

மே 11

மேடை உயரம். இரண்டு நாளாக இதுதான் மண்டைக்குள்.

இப்போது இருப்பது முப்பது அங்குலம். அத்தையின் உயரத்துக்குப் போட்டது. இருபத்தாறு வருஷமாகக் குனிந்தே மாவு பிசைகிறேன், ராத்திரியில் இடுப்பு கேட்கிறது. முப்பத்துமூன்று வைத்தால் எனக்குச் சரி. ஆனால் அத்தை இப்போது அங்கே செய்வது ஒரே வேலை, விடியற்காலைக் காபி. அதை யாரையும் போட விடமாட்டார். முப்பத்துமூன்று வைத்தால் கொதிக்கிற பாலை அவர் தோள் உயரத்தில் கையைத் தூக்கி இறக்க வேண்டும். கேட்டேன். "எனக்கு இன்னும் எத்தினி நாளுக்குக் காபி? உன் இஷ்டத்துக்கு வை" என்றார். அப்படிச் சொன்ன பிறகு எப்படி வைப்பது? இவரைக் கேட்டால், "முப்பத்தொண்ணரை." இந்த வீட்டில் எல்லாமே இப்படி ஒன்றரையில்தான் முடியும்.

ஒரு ஓரத்தில் மட்டும் தாழ்த்திக் கட்டலாமா? பார்க்க நன்றாக இருக்காது. யார் பார்க்கப் போகிறார்கள்? பார்ப்பார்கள். அதற்குத்தானே இவ்வளவும்.

மே 13

ஹாலில் ஒற்றை அடுப்பு. சோபா மேல் பருப்பு டப்பா. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கி எண்ணெயில் வதக்கினேன், காம்பு முள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து காய்க்காரம்மா விலை சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்கிறார். விலை குறைவதில்லை.

மே 15

வேலை இல்லை. மேஸ்திரி குடியாத்தம்காரர், இன்று அங்கே கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. "வைகாசி ஒண்ணாந்தேதி எங்கள யாரும் வேலைக்குக் கூப்புடமாட்டாங்கக்கா." மூன்று நாள் லீவு.

உடைத்த சுவரைப் பார்த்துக்கொண்டே மோர் குடித்தேன்.

மே 18

ஆசாரி வந்து சுவரில் அடித்திருந்த பழைய மர அலமாரியைக் கழற்றினார். எனக்குத் தெரிந்து அது அங்கிருந்து நகர்ந்ததே இல்லை. பின்னால் சுவர் நாலு நிறத்தில் உரிந்துகொண்டிருந்தது. மேலே கிரீம், அதற்குள் ரோஸ், அதற்குள் பச்சை, அடியில் நீலம் போட்ட சுண்ணாம்பு. நகத்தால் சுரண்டினேன், ஒவ்வொன்றாக வந்தது.

அத்தையைக் கூப்பிட்டேன். முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"நீலம் என் மாமியார் இஷ்டம். பச்சை நான் அடிச்சது. உங்க மாமா திருப்பத்தூர்ல வேலையா இருந்தாரு, அவரு வர்றதுக்குள்ள அடிச்சு முடிச்சிட்டேன்."

"அப்புறம் ஏன் ரோஸ்?"

"சலிச்சுப்போச்சு."

நான் கேட்டது அவ்வளவுதான், அவர் சொன்னதும் அவ்வளவுதான். சாம்பிள் டைல்ஸைக் கொண்டுவந்து அந்தப் பச்சைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றல்ல. அவருடையது சுண்ணாம்பில் பொடி கலந்த இளம் பச்சை. அவருடையதுதான் நன்றாக இருந்தது.

மே 19

ஃபோன் இல்லை.

மே 20

டைல்ஸே வேண்டாம் என்று தோன்றுகிறது. பழையபடி கடப்பா கல் தட்டு, அதன் மேல் பரணில் கிடக்கும் பித்தளைக் குண்டான்கள், கரிகிரி ஜாடி இரண்டு. இவரிடம் சொன்னேன். இவர் பதில் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு போய்ப் பச்சை டைல்ஸுக்கு முழுப் பணமும் கட்டிவிட்டு வந்தார்.

ஒரு மணி நேரம் கோபமாக இருந்தேன். அப்புறம் கொஞ்சம் நிம்மதி.

மே 23

மேடை முப்பத்தொண்ணரை.

டைல்ஸை எல்லாம் குளிக்கிற டப்பில் ஊறவைத்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் இன்னொரு பச்சை.

மே 26

ஒன்பது டைல்ஸ் குறைகிறது. உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்து வாங்க வேண்டும் என்று வீடியோவில் நூறு தடவை கேட்டவள், கணக்குப் போட்டுக் கொடுத்தபோது சேர்க்க மறந்தேன். கடைக்கு ஓடினால் அந்த லாட் முடிந்துவிட்டதாம். அடுத்த லாட்டை எடுத்துக் காட்டினார்கள். அதே பெயர், அதே நம்பர், நிறம் மட்டும் ஒரு பிடி நீலம் கூட. பக்கத்தில் ஒட்டினால் ஒட்டுப்போட்ட புடவைதான். காலியாக நிற்பது சரியாக சிங்க்குக்கு மேலே, அத்தை சுத்தியல் போட்ட இடம்.

அரை மணி நேரம் மழை. இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை.

மே 28

கத்திரி முடிந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு ஆரணியிலிருந்து ஃபோன். ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் வருகிறார்கள். பெரியவள் சனிக்கிழமை ராத்திரி ரயிலில் காட்பாடி வந்துவிடுகிறாள். அவள் குரலில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கப்போர்டுக்குக் கதவு வரவில்லை. சிலிண்டர் இன்னும் ஹாலில்.

மே 29

காலையில் மேஸ்திரி உடைசலை மூட்டை கட்டும்போது நின்று பார்த்தேன். பழைய மஞ்சளில் முழுசாகக் கழன்றவை பதினொன்று இருக்கின்றன. சுரண்டிக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன். பச்சைக்கு நடுவே ஒன்பது மஞ்சள்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை.