கண்ணாடிக் கோபுரத்துக்குள் ஒரு கல் தேவாலயம்

அமெரிக்காவில் பாஸ்டன் போய்வந்தவர்கள் காட்டும் படங்களில் ஒன்று கட்டாயம் இருக்கும்: வானத்தைத் தொடும் நீலக் கண்ணாடி, அதற்குள் பிம்பமாக மிதக்கிற ஒரு பழைய தேவாலயம். நானும் அந்தப் படத்துக்காகத்தான் காப்லி சதுக்கம் போனேன். கிரீன் லைன் ரயிலில் காப்லி நிலையத்தில் இறங்கிப் படியேறினால் சதுக்கம் கண்முன்னே இருக்கும்.

தேவாலயத்தின் பெயர் டிரினிட்டி சர்ச். ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் வடிவமைத்தது, 1877இல் கட்டி முடிந்தது. இளஞ்சிவப்புக் கருங்கல், இடையிடையே செம்பழுப்பு மணற்கல் பட்டைகள், தடித்த அரைவட்ட வளைவுகள். தெருவுக்கு அந்தப்பக்கம் நிற்பதுதான் 60 மாடிக் கண்ணாடிக் கோபுரம். கட்டடக் கலைஞர் ஐ.எம். பெய்யின் நிறுவனத்தைச் சேர்ந்த ஹென்றி காப் வடிவமைத்தது. 1976இல் முடிந்தது, உயரம் 241 மீட்டர். இப்போது அதன் பெயர் 200 கிளாரண்டன். ஆனால் ஊர்க்காரர்களிடம் பழைய பெயரில் ஹான்காக் டவர் என்று கேட்டால்தான் சட்டென்று கை நீட்டுகிறார்கள்.

இந்தக் கண்ணாடிக்கு ஒரு பழைய கதை உண்டு. கட்டிக்கொண்டிருந்தபோதே, 1973 ஜனவரியில் அடித்த காற்றில் கண்ணாடிகள் உடைந்து விழ ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் இருநூறு கிலோவுக்கு மேல். விழுந்த இடங்களை ப்ளைவுட் பலகையால் அடைத்தார்கள். ஜனங்கள் 'ப்ளைவுட் அரண்மனை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரட்டைக் கண்ணாடிகளின் விளிம்பை ஒட்டியிருந்த ஈயப் பற்றவைப்பு கொஞ்சமும் நெகிழாமல் விறைப்பாக இருந்ததுதான் காரணம். வெயிலிலும் காற்றிலும் கண்ணாடி அசைய அசைய, அந்த அழுத்தம் கண்ணாடியிலேயே விரிசலாக இறங்கியது. கடைசியில் 10,344 கண்ணாடிகளையும் கழற்றி, பதப்படுத்திய ஒற்றைக் கண்ணாடி போட்டார்கள். அஸ்திவாரம் தோண்டியபோது தேவாலயமும் சேதப்பட்டது. சபையார் வழக்குப் போட்டு இழப்பீடு வாங்கினார்கள். அந்தத் தேவாலயத்தைத்தான் இப்போது இந்தக் கோபுரம் நாள் முழுக்கக் காட்டிக்கொண்டிருக்கிறது!

கண்ணாடி மாற்றிய கதை படம் எடுப்பவருக்கும் முக்கியம். பதப்படுத்தும்போது கண்ணாடியை உலையில் சூடாக்கி உருளைகள்மேல் ஓட்டுவார்கள். இளகிய நிலையில் அதில் மெல்லிய அலை விழும். கண்ணுக்குத் தெரியாத அந்த அலை பிம்பத்தில் பளிச்சென்று தெரிகிறது. நேரான கூரைவிளிம்பு ஒரு கண்ணாடிச் சட்டத்தில் வயிறு புடைத்து, அடுத்ததில் இடுப்பு ஒடுங்கி, அதற்கடுத்ததில் உடைந்து போகிறது. வளைவுகள் தண்ணீரில் விழுந்தவை மாதிரி நெளிகின்றன. இதைக் குறை என்று நினைத்து ஒரே ஒரு கண்ணாடிக்குள் சுத்தமான பிம்பம் தேடுபவர்களைப் பார்த்தேன். என்னைக் கேட்டால் அந்த நெளிவும் சட்டக் கோடுகளும்தான் படமே. அவை இல்லையென்றால் தேவாலயத்தையே நேராக எடுத்துவிட்டுப் போகலாமே.

சதுக்கத்தின் நடுவிலிருந்து பார்த்தால் கோபுரம் மெலிந்து, ஒரு கத்திமுனைபோலத் தெரியும். அதன் தரைவடிவம் இணைகரம். தேவாலயத்தின் ஓரமாக நடக்க நடக்கத்தான் அகன்ற முகம் திறக்கும். இங்கே ஜூம் உதவாது. ஜூம் பிம்பத்தைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். அதை இடம்மாற்ற வேண்டுமானால் கால்தான் நகர வேண்டும். இரண்டு எட்டு வைத்தால் தேவாலயக் கோபுரம் ஒரு சட்டத்திலிருந்து வழுக்கி அடுத்ததற்குப் போய்விடுகிறது. இன்னொன்று: கண்ணாடியில் தெரிவது தேவாலயத்தின் தெற்குப் பக்கம், அதாவது கண்ணாடிக் கோபுரத்தைப் பார்த்திருக்கும் பக்கம். நாம் நிற்கிற இடத்திலிருந்து அந்தப் பக்கம் நேரில் தெரியாது. ஒரே படத்தில் முன்னும் பின்னும் கிடைக்கிறது.

ஃபோகஸ் விஷயத்தில் பலர் ஏமாறுவார்கள். பிம்பம் கண்ணாடியின் மேல் இல்லை. தேவாலயம் கண்ணாடிக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ, அவ்வளவு பின்னால் இருக்கிறது. கேமரா சட்டக் கோட்டைப் பிடித்துக்கொண்டால் தேவாலயம் மங்கலாகலாம், குறிப்பாக நீள லென்ஸில். பிம்பத்தில் ஃபோகஸ் வைத்து, லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப்/11 அளவில் எடுத்தால் இரண்டுமே கூர்மையாக வரும். பிம்பம் நிஜத்தைவிட இருட்டாக இருக்கும் என்பதால் வெளிச்சத்தையும் அதற்கே அளந்துகொள்ளுங்கள். போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் லென்ஸ் வடிகட்டி) மாட்டியிருந்தால் சுற்றிப் பாருங்கள். சாய்ந்த கோணத்தில் அது பிம்பத்தை மங்கடித்துவிடும். நான் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன்.

வெயில் நேரம்? கோபுரம் தெற்கே நிற்பதால் உச்சிப்பொழுதை ஒட்டி அதன் நிழலே தேவாலயத்தின்மேல் விழுகிறது. கல்லில் வெளிச்சம் இல்லையென்றால் கண்ணாடியிலும் ஒன்றும் இருக்காது. நிழல் விலகியபிறகு, பிற்பகலில் போனால் மணற்கல் சிவக்கிறது, பிம்பமும் கூடவே சிவக்கிறது.

மேலே ஏறிப் பார்க்கலாம் என்று போகாதீர்கள். பார்வையாளர் தளத்தை 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு மூடியவர்கள் திறக்கவே இல்லை. நிழல் விலகும்வரை எதிரே இருக்கும் பொது நூலகத்தில் உட்காரலாம். 1895இல் திறந்த கட்டடம், அனுமதி இலவசம், உள்முற்றமும் அழகு. கழிவறையும் அங்கேதான்.