பூன் வம்சாவளி: மிசௌரியிலிருந்து டெவன் வரை பின்னோக்கி

கென்டக்கியில் வெள்ளையர் குடியேற்றத்துக்கு வழிதிறந்தவராகப் பெயர்பெற்ற டேனியல் பூனின் வாரிசு என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் அமெரிக்காவில் ஏராளம். அவற்றில் பலவும் தேடலின் முதல் படியிலேயே உதிர்ந்துவிடும். பூனுக்கும் ரெபெக்கா பிரையனுக்கும் பத்துப் பிள்ளைகள். ஆறு ஆண், நாலு பெண். மூத்தவன் ஜேம்ஸ் 1773 அக்டோபரில், கென்டக்கிக்குக் குடிபோகும் முதல் முயற்சியிலேயே கொல்லப்பட்டான். இஸ்ரேல் 1782 ஆகஸ்ட் 19 அன்று கென்டக்கியின் புளூ லிக்ஸ் சண்டையில் இறந்தான். 1775-ல் பிறந்த வில்லியம் கைக்குழந்தையாகவே போய்விட்டான். ஆக, பூன் என்ற குடும்பப் பெயரோடு நேர் ஆண்வழி கோருகிறவர் டேனியல் மார்கன், ஜெஸ்ஸி, நேதன் மூவரில் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். சேரவில்லையா, பூனின் சகோதரர்கள் பக்கம் திரும்ப வேண்டும். பெண்வழி என்றால் ஹேஸ், கேலவே, ஷோல், கோ என்ற நான்கு மருமகன் வீடுகள்.

இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரங்களைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. ஒருவர் தப்பாகப் போட்டதை நூறு பேர் நகலெடுத்திருப்பார்கள். நூறு பேர் சொன்னதால் அது சாட்சியாகிவிடாது. நாங்கள் போனது இன்றிலிருந்து பின்னோக்கி, ஒரு தலைமுறைக்கு ஓர் ஆவணமாவது கையில் வந்த பிறகே அடுத்த தலைமுறைக்கு.

1850 வரை இது சிரமமில்லை. அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில்தான் முதல்முறையாக வீட்டில் உள்ள எல்லோர் பெயரும் (அடிமைகள் தவிர) வருகிறது. 1880-ல்தான் யார் யாருக்கு என்ன உறவு என்ற கட்டம். அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயரும் மற்றவர்களின் தலைக்கணக்கும் மட்டுமே. மிசௌரியின் 1810, 1820 கணக்குகளும் கென்டக்கியின் 1790, 1800 கணக்குகளும் கிடைக்கவே இல்லை. பூன் குடும்பத்துக்கு மிக முக்கியமான காலம் அப்படியே இந்தப் பள்ளத்தில் விழுகிறது. அங்கே கைகொடுப்பவை நிலப் பத்திரமும் வரிப் பட்டியலும்தான்.

மிசௌரியில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பெயின் காலத்து நில உரிமைக் கோப்புகள். 1799-ல் பூன் அங்கே போனபோது அது ஸ்பெயின் ஆட்சிப் பகுதி. ஃபெம் ஓசாஜ் ஓடைப் பக்கம் 1000 ஆர்பன் அவருக்குக் கிடைத்தது. ஒரு ஆர்பன் ஏறத்தாழ 0.85 ஏக்கர், எனவே 850 ஏக்கர் சொச்சம். அமெரிக்கா லூசியானாவை வாங்கியபின் அமைந்த நில ஆணையம் 1809-ல் அவர் கோரிக்கையைத் தள்ளியது. 1814-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தது. தள்ளுபடியானவர் ஏன் தனக்கு உரிமை உண்டு என்று விளக்க வேண்டியிருக்கும். எப்போது வந்தார், எங்கே குடியிருந்தார் என்பதெல்லாம் அந்த விளக்கத்தில்தான் இருக்கும். சுலபமாகப் பட்டா வாங்கியவரின் கோப்பில் ஒன்றும் இருக்காது.

கென்டக்கிக்குள் நுழையுமுன் மாவட்டங்கள் பிரிந்த வரிசையை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 1772 முதல் வர்ஜீனியாவின் ஃபின்காசில் மாவட்டம். 1776 கடைசியில் கென்டக்கி மாவட்டம். 1780-ல் அது ஜெஃபர்சன், லிங்கன், ஃபேயட் என மூன்றாகப் பிரிந்தது. கென்டக்கி ஆற்றின் தென்கரையில் பூன் அமைத்த குடியிருப்பான பூன்ஸ்பரோ இருந்த இடம் லிங்கனுக்குப் போய், பிறகு மேடிசன் மாவட்டமானது. ஆற்றுக்கு வடகரையில் அவர் பின்னால் கட்டிய பூன்ஸ் ஸ்டேஷனோ ஃபேயட். குடும்பம் ஆற்றைத் தாண்டியதோடு ஆவணங்களும் வேறு அலுவலகத்துக்குப் போய்விட்டன. ஃபின்காசிலின் பதிவேடுகள் இன்று வர்ஜீனியாவின் மான்ட்கோமரி மாவட்டத்தில் இருக்கின்றன. கென்டக்கியில் தேடிப் பயனில்லை. ஃபேயட்டின் பழைய பதிவேடுகள் 1803 தீயில் சிக்கின. எரிந்ததில் மிஞ்சியவை தனித் தொகுதிகளாக இருப்பதால் வழக்கமான பெயர்ப் பட்டியலோடு நிறுத்திவிடாமல் அவற்றையும் கேட்டு வாங்க வேண்டும்.

நிலக் கோப்புதான் இந்த வேலையின் உயிர்நாடி. செரோக்கிப் பழங்குடிகளிடம் வாங்கியதாகச் சொல்லி டிரான்சில்வேனியா கம்பெனி என்ற தனியார் நில வியாபார நிறுவனம் 1775-ல் கொடுத்த உரிமைகளை வர்ஜீனியா செல்லாதென்று தள்ளிவிட்டது. ஆகவே செல்லுபடியாகும் பட்டா வரிசை 1779 நிலச் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. 1778 ஜனவரி 1-க்கு முன்பே குடியேறியவருக்கு 400 ஏக்கர் குடியிருப்பு உரிமை, அதை ஒட்டி 1000 ஏக்கர் முன்னுரிமையில் வாங்கலாம். (ஷானி, செரோக்கி பூர்வகுடிகளுக்கு அங்கே என்ன உரிமை என்று இந்தச் சட்டம் கேட்கவே இல்லை.) ஒவ்வொரு துண்டு நிலமும் நாலு படி தாண்டும்: இத்தனை ஏக்கர் எடுக்கலாம் என்ற அனுமதிச் சீட்டான வாரண்ட், எந்த ஓடையோரம் எவ்வளவு என்று பதியும் என்ட்ரி, சர்வே, கடைசியில் கவர்னர் கையெழுத்திட்ட கிராண்ட். பலரும் கிராண்டை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். குடும்ப விவரம் இருப்பதோ நடுவில். சர்வேக்கு அளவுச் சங்கிலி பிடித்தவர்கள் பெயர் வரைபடத்தடியில் எழுதியிருக்கும். பெரும்பாலும் சொந்தக்காரரின் மகன், மைத்துனன், பக்கத்து நிலத்துக்காரர். வாரண்ட் கைமாறியிருந்தால் அதன் பின்புறத்தில் அந்தக் குறிப்பு இருக்கும். வாரிசுகள் பேருக்கு மாற்றியிருந்தால் மூலவர் இறந்துவிட்டார் என்று அர்த்தம். பிராங்க்ஃபர்ட்டில் உள்ள கென்டக்கி நில அலுவலகத்தின் தேடுதளத்தில் இந்தப் படிகளின் படங்கள் நிறையவே கிடைக்கின்றன.

பத்திரத்தில் உள்ள செக்குபந்தியை (நான்கு எல்லை விவரத்தை) வரைந்து பாருங்கள். அளவு ‘போல்’ (pole) என்ற பழைய நீள அலகில் இருக்கும்: ஒரு போல் 16.5 அடி, 320 போல் ஒரு மைல், 160 சதுர போல் ஒரு ஏக்கர். ஒரு சென்டிமீட்டருக்கு 20 போல் என்று வைத்தால், சதுரமான 400 ஏக்கர் பக்கத்துக்குப் பன்னிரண்டரை சென்டிமீட்டர் சொச்சம். 1000 ஏக்கர் சரியாக 20 சென்டிமீட்டர், ஏ4 தாளில் மட்டுமட்டாக அடங்கும். வெள்ளை ஓக், ஹிக்கரி, மேப்பிள் என்று மூலைமரங்களையும் குறித்துக்கொண்டே போனால், பக்கத்து நிலத்தின் மூலைமரம் அதேதானா என்று ஒட்டிப் பார்க்கலாம். கோடு தொடங்கிய இடத்தில் வந்து சேராவிட்டால் முதலில் வடக்கு தெற்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, ஒரு வரி விடுபட்டிருக்கலாம். எல்லா வரியும் ஒரே சொல்லில் தொடங்குவதால் நகலெடுத்த எழுத்தர் கண் தாவிவிடும். பத்திரப் புத்தகம் அப்படி நகலெடுத்ததுதான் என்பதால் மூல சர்வேயோடு ஒப்பிட வேண்டும். திசைகாட்டியின் காந்த விலகல் மொத்தப் படத்தையும் ஒரே அளவு திருப்புமே தவிர, கோடு சேராமல் போக அது காரணமாகாது. ஒரே நிலத்தின் மேல் இரண்டு மூன்று பட்டா படிந்திருப்பது கென்டக்கியில் சர்வசாதாரணம். பூன் நிலத்தை இழந்ததும் இப்படித்தான். அந்த வழக்குகளில் பழைய குடியேறிகள் மரத்தடியிலேயே நின்று கொடுத்த வாக்குமூலங்கள், வயது, உறவு, வந்த வருடம் எல்லாவற்றுக்கும் சுரங்கம்.

வரிப் பட்டியல்கள் 1792-லிருந்து தொடர்ச்சியாகப் பார்க்கக் கிடைக்கின்றன. ஒரு வரியில் நிலத்தின் தரம், ஏக்கர், ஓடையின் பெயர், என்ட்ரியும் சர்வேயும் கிராண்டும் யார் யார் பெயரில் என்ற மூன்று கட்டங்கள், 21 வயதைத் தாண்டிய வெள்ளை ஆண்கள், 16 முதல் 21 வரை உள்ளவர்கள், கறுப்பர்கள், குதிரைகள். அடிமைகளுக்குப் பெயர் கிடையாது, எண்ணிக்கை மட்டும். தகப்பன் வரியில் 16–21 கட்டம் ஒன்று கூடிய ஆண்டிலிருந்து மகனின் பிறந்த வருடத்தைக் கணிக்கலாம்; சில வருடம் கழித்து அவனே தனி வரியாக வருவான். ஒரு வருடப் பட்டியலை மட்டும் நம்பாமல் நாலைந்து வருடத்தை வரிசையாகப் பாருங்கள், ஏனென்றால் வரிக்குப் பயந்து மறைப்பது அன்றும் உண்டு. பெயர்கள் முதலெழுத்து வரிசையில் இருந்தாலும் பல பட்டியல்களில் அதிகாரி வந்த தேதி குறித்திருக்கும். தேதிப்படி மறுபடி அடுக்கினால் அக்கம்பக்கத்து வீடுகள் வரிசையாக எழுந்து நிற்கும்.

திருமணப் பிணைப் பத்திரம் கல்யாணம் நடந்ததற்குச் சாட்சியல்ல, நடத்த நினைத்ததற்குத்தான். ஆனால் பிணை நிற்பவர் அநேகமாகப் பெண்ணின் தகப்பனோ அண்ணனோ. நிலம் விற்கும் பத்திரத்தில் மனைவியைத் தனியே விசாரித்துச் சம்மதம் பெற்ற குறிப்பில் அவள் பெயர் வரும். ஒரு டாலருக்கும் பாசத்துக்குமாகக் கொடுத்ததாக எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பெற்றோர் பிள்ளைக்கு எழுதிய செட்டில்மென்ட். ஸ்குவயர் பூன் என்று ஒருவருக்கு மேல் உண்டு: டேனியலின் தகப்பனார், தம்பி, அதற்கடுத்த தலைமுறையிலும். பெயரோடு ஓடையையும் மனைவியையும் சேர்க்காமல் கோப்பில் போட்டுவிடாதீர்கள்.

எல்லைப்புற வரலாற்றுக் குறிப்புகளைச் சேகரித்த லைமன் டிரேப்பர் 1851-ல் நேதன் பூனிடம் எடுத்த நேர்காணல் குறிப்புகள் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் உள்ளன. நேதன் பிறந்தது 1781. மிசௌரிப் பயணம் பற்றி அவர் சொல்வது கண்ணால் கண்டது, பூன்ஸ்பரோ பற்றியது காதால் கேட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

மரபணுச் சோதனைக்கு இங்கே எல்லை உண்டு. ஆண்வழிச் சோதனை டேனியலையும் அவர் சகோதரர்களையும் பிரித்துக்காட்டாது. பூன்–பிரையன் கல்யாணங்களும் ஒன்றுக்கு மேல். டேனியலின் சகோதரி மேரி வில்லியம் பிரையனை மணந்தவர். பிரையன் வம்சத்தோடு பொருத்தம் வந்தால் அது ரெபெக்கா வழிதான் என்று துள்ள வேண்டாம்.

வட கரோலினாவில் வேலை குறைவு: ரோவன் மாவட்டம், 1753-ல் தகப்பனார் ஸ்குவயர் கிரான்வில் பிரபுவின் அலுவலகத்தில் வாங்கிய 640 ஏக்கர். பென்சில்வேனியாவில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபைப் பதிவுகள் மறுபடி தாராளம். ஸ்குவயருக்கும் சாரா மார்கனுக்கும் 1720-ல் க்வினெட் சபையில் திருமணம். மகன் சபைக்கு வெளியே மணந்ததைக் கண்டிக்க மறுத்ததால் 1748-ல் எக்செட்டர் சபை ஸ்குவயரை விலக்கியது. இப்படி ஒழுங்கு நடவடிக்கை எடுத்த கூட்டக் குறிப்புகளில், பிறப்புப் பதிவேட்டில் இல்லாத பிள்ளைகள் பெயரும் சிக்கும்.

மாதக் கணக்கில் கவனம். குவேக்கர்கள் மாதத்தை எண்ணால் எழுதுவார்கள். 1752-க்கு முன் முதல் மாதம் மார்ச். டேனியல் 1734 எட்டாம் மாதம் 22 பிறந்தார் என்றால் அது அக்டோபர் 22, ஆகஸ்ட் அல்ல. புதிய நாட்காட்டிக்கு 11 நாள் கூட்டினால் நவம்பர் 2. இரண்டு தேதியும் புழக்கத்தில் இருப்பதால் எந்த நாட்காட்டி என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பழைய கணக்கில் வருடம் மார்ச்சில்தான் மாறும் என்பதால் ஜனவரி, பிப்ரவரித் தேதிகளுக்கு இரண்டு வருடத்தையும் 1734/35 என்பதுபோல் கோடிட்டு எழுத வேண்டும்.

டேனியலின் பாட்டனார் ஜார்ஜ் பூன் இங்கிலாந்தின் டெவனிலுள்ள பிராட்னின்ச் ஊரிலிருந்து 1717-ல் கப்பலேறினார். ஸ்குவயர் உள்ளிட்ட மூத்த பிள்ளைகள் நாலைந்து வருடம் முன்பே வந்து இடம் பார்த்திருந்தார்கள். அதனால் ஒரே கப்பலில் எல்லோரையும் தேடாமல், இரண்டு தொகுதியாகத் தேடுங்கள்.