காய்ந்த டேப் பசை: ஒரு கதவு முடிந்தது, ஒன்று பாக்கி

பழைய கண்ணாடி அலமாரியின் இடது கதவு இன்று பளிச்சென்று ஆகிவிட்டது. செலோ டேப்பின் மேல்தாள் எப்போதோ உதிர்ந்துபோய், பசை மட்டும் மஞ்சளேறி இறுகிக் கிடந்த கதவு. சோப்புத் தண்ணீர் அதன்மேல் முத்து முத்தாக நின்றதே தவிர, உள்ளே இறங்கவில்லை. ரப்பர் வகைப் பசை தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்க்குத்தான் மசியும். எண்ணெயில் நனைத்த டிஷ்யூவைப் படியவைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடி, நன்றாக ஊறவிட்டேன். பிறகு துணியால் அழுத்தித் தேய்த்ததும் திரிதிரியாக உருண்டு வந்தது.

வெயில் பட்ட ஓரம் மட்டும் அசையவில்லை. அதற்குப் பிளேடுதான்.

பிளேடு பிடிப்பதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்குத் தீராது. கைப்பிடி வைத்த ஸ்கிரேப்பரில் புது பிளேடு. கண்ணாடி சொட்டச் சொட்ட ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு. சாய்வு 30 டிகிரி அளவில். முன்னால் தள்ளுவது மட்டும்தான் வேலை, திரும்பும்போது பிளேடைத் தூக்கியே ஆக வேண்டும். பின்னால் இழுத்தால் அடியில் சிக்கிய தூசி கண்ணாடியில் கீறல் போட்டுவிடும். சாய்வு சரியாக அமைந்ததா என்பதைக் காதே சொல்லிவிடும்: கரகரப்பு அடங்கி, தச்சர் இழைப்புளியில் வருகிற சீவல் மாதிரி பசை சுருண்டு வரும். அந்தச் சுருளைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்! மறுபடி கரகரத்தால் ஈரம் போய்விட்டது, உடனே தண்ணீர் தெளிக்க வேண்டும்.

முனையில் லேசாகத் துரு தெரிந்தாலும் பிளேடை மாற்றிவிடுங்கள். உடைத்து உடைத்துப் பயன்படுத்தும் கட்டர் பிளேடு இதற்கு ஆகாது, வளைந்து கொடுக்கும். பெயிண்ட் சுரண்ட ஹார்டுவேர் கடையில் விற்கிற தடித்த ஒற்றை முனை பிளேடுதான் சரி. சூளையில் சூடாக்கி வலுவேற்றிய டஃபன்ட் கண்ணாடியில் பிளேடே வேண்டாம். சூளையில் பதமாகும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் மேற்பரப்பில் ஒட்டிப்போயிருக்கலாம். பிளேடு அவற்றைப் பெயர்த்து இழுத்துக்கொண்டே போகும்.

எல்லாம் போய்விட்டது என்று தோன்றியதும் கண்ணாடியில் வாயால் ஊதிப் பார்த்தேன். ஆவி படிந்ததும் டேப்பின் நீள வடிவம் அப்படியே எழுந்தது! எண்ணெய்ப் பிசுக்கும் மெல்லிய பசைப் படலமும் பாக்கி. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, துணியைத் திருப்பி இன்னொரு முறை. அப்புறம் ஊதினால் ஆவி ஒரே சீராகப் படிந்து மறைந்தது. அசிட்டோன் கையில் இருந்தும் தொடவில்லை, மரச்சட்டத்தின் பாலிஷைக் கரைத்துவிடும்.

வலது கதவு வேறு கதை. அதில் இருப்பது ஸ்பாஞ்ச் வைத்த இரட்டைப் பக்க டேப். ஹேர் டிரையரில் சூடாக்கி, மீன்பிடி நரம்பை ஸ்பாஞ்சுக்குள் கொடுத்து ரம்பம்போல் முன்னும் பின்னும் இழுத்து அறுக்கப்போகிறேன். நரம்பு வாங்கி வைத்தாயிற்று.

அதற்கு முன்பே மனம் ஒரு பழைய முகக்கண்ணாடிக்குத் தாவிவிட்டது. அதன் முன்பக்கம் பெயிண்டில் எழுத்து, அந்த எழுத்தின் மேலேயே டேப். பிளேடும் ஆகாது, கரைப்பானும் ஆகாது. வெறும் சூட்டில் அதை உரித்தவர்கள் இருந்தால், எவ்வளவு நேரம் காட்டினீர்கள், எந்தக் கோணத்தில் இழுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.