இஸ்திரி வண்டியும் நான்கு கட்டமும்

ஜூலை

வாரத்துக்கு இரண்டு என்ற கணக்கில் ஒரு சிரிப்புப் படக்கதை வரைந்து இன்ஸ்டாகிராமில் போடத் தொடங்கியிருக்கிறேன். பெயர் ‘மடிப்பு’. தெருமுனையில் ஒரு புங்கை மரம், அதன் நிழலில் ஓர் இஸ்திரி வண்டி, வண்டிக்குப் பின்னால் வேலு, வண்டிக்கு அடியில் ஒரு நாய். இவ்வளவுதான் நிரந்தரம். துணி கொண்டுவருகிறவர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

இவ்வளவு சிறிய இடத்துக்குள் உட்கார்ந்துகொண்டதற்கு முதல் காரணம் நேரம். பகலில் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவனுக்கு இரவில் மிஞ்சுவது ஒரு மணி நேரம். அதற்குள் கட்டத்துக்குக் கட்டம் புதுப் பின்னணி வரைய முடியாது. வண்டியையும் மரத்தையும் ஒருமுறை நன்றாக வரைந்து கணினியில் தனி லேயரில், அதாவது தனி அடுக்கில், வைத்துவிட்டால், மீதி நேரமெல்லாம் முகத்துக்கும் கைக்கும் போகும். இரண்டாவது காரணம் இன்னும் வலுவானது. திருச்சி உறையூரில், எங்கள் தெருவில், அதிகாரி வீட்டுச் சட்டையும் ஆட்டோ ஓட்டுநரின் காக்கியும் ஒரே பலகையில் அடுத்தடுத்துக் கிடக்கும் இடம் அது ஒன்றுதான். டீக்கடையும் அப்படிப்பட்ட இடம்தான்; ஆனால் அதை வார இதழ்களின் துணுக்குகள் எப்போதோ கறந்து முடித்துவிட்டன.

வரைவதற்கு முன் எங்கள் தெரு இஸ்திரிக்காரரிடம் அனுமதி கேட்டேன். “வண்டியை எவ்வளவு வேண்டுமானாலும் வரைந்துகொள்ளுங்கள் தம்பி. என் தொப்பையை மட்டும் விட்டுவிடுங்கள்” என்றார். வேலு அவ்வளவு ஒல்லியாக இருப்பது அதனால்தான்.

கரி போட்ட இஸ்திரிப் பெட்டி ஐந்தாறு கிலோ இருக்கும். உள்ளே கொட்டாங்கச்சிக் கரி மங்கும்போது அவர் பெட்டியைத் தூக்கி முன்னும் பின்னுமாக வீசுவார். பக்கத்துத் துளைகள் வழியே காற்று புகுந்து கனல் சிவக்கும், சாம்பலும் உதிரும். வெள்ளைச் சட்டை பலகையில் இருந்தால் இரண்டடி தள்ளிப் போய்த்தான் வீசுவார். படத்தில் முதலில் உயிர் வந்தது இந்த வீச்சில்தான். பெட்டியைக் கனமாகக் காட்ட அதைப் பெரிதாக வரைய வேண்டியதில்லை. அது வலப்பக்கம் போகும்போது இடுப்பு இடப்பக்கம் போக வேண்டும், இடக்கை தானாக உயர வேண்டும். உடம்பைச் சரியாகச் சாய்த்தால் பெட்டிக்கு எடை வந்துவிடுகிறது.

ஆகஸ்ட்

மென்பொருள் கிரிட்டா. இலவசம், கை நடுங்கும் கோட்டைச் சமன்செய்யும் வசதியும் இருக்கிறது. திரையில்லாத சிறிய பேனா டேப்லெட்டில் வரைகிறேன். தாள் அளவு 2160-க்கு 2700 பிக்சல்; போடும்போது பாதியாக, 1080-க்கு 1350 ஆகச் சுருக்குகிறேன். சுருக்கிய படத்தைக் கைப்பேசியில் கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பேன். பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்கிறவருக்குப் புரியாத முகபாவம் முகபாவமே இல்லை.

எழுத்துத்தான் பெரிய வேலை. ஆங்கிலப் படக்கதைகளில் பெரும்பாலும் எல்லாமே பெரிய எழுத்து. ஒரே உயரம் என்பதால் வரிகளை நெருக்கி அடுக்கலாம். நமக்கு மேலே கொக்கி, கீழே சுழி. ‘கீ’ மேல்வரியை முட்டும், ‘ளு’ கீழ்வரியைத் தொடும். இடைவெளி விட்டால் பலூன் வீங்குகிறது. எழுத்தைச் சுருக்கினால் புள்ளி காணாமல் போகிறது. புள்ளி போனால் ‘கல்’ ‘கல’ ஆகிவிடும். அதனால் கோட்டைவிடப் புள்ளியைத் தடிமனாக வைக்கிறேன். தட்டச்சு எழுத்துருவை விட்டு, கையாலேயே எழுதுவது என்று முடிவு செய்தேன். வேலு கத்தும்போது எழுத்தும் கத்த வேண்டும், முனகும்போது சிறுக்க வேண்டும். அதைக் கை செய்கிற அளவுக்கு எழுத்துரு செய்வதில்லை.

நீளமும் ஒரு தொல்லை. ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்ற ஒரே சொல்லுக்கு அரைக் கட்டம் வேண்டும். ‘இதோ’ போதும். சிவகாசியிலிருந்து வரும் முத்து, லயன் காமிக்ஸ்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வேறு மொழிக்காக வரைந்த பலூனுக்குள் தமிழை உட்காரவைத்திருக்கும் சாமர்த்தியம் இப்போதுதான் தெரிகிறது. எனக்கு அந்தச் சங்கடம் இல்லை. பலூனும் நானே, வசனமும் நானே. முதலில் எழுத்தை எழுதிவிட்டு, அதைச் சுற்றிப் பலூன் போட்டு, மிச்ச இடத்தில் ஆட்களை நிறுத்துகிறேன். ஒரு பலூனுக்கு நான்கு வரி, அதற்கு மேல் கிடையாது.

தீபாவளிக்கு முன்

ஜோக் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்திருக்கும் பதில்: ஜோக்கைத் தேடினால் வருவதில்லை, பிடிவாதத்தைத் தேடினால் வருகிறது. ஒரு மனிதர் ஒரு சின்ன விஷயத்தில் விட்டுக்கொடுக்காமல் நின்றால் போதும், மீதியை அவரே பார்த்துக்கொள்கிறார். அதனால் என் சிறிய நோட்டில் வசனங்கள் கிடையாது. யார் எதில் பிடிவாதம் என்பது மட்டும்தான் இருக்கிறது. கைக்குட்டைக்கும் மடிப்பு வேண்டும் என்பவர். தன் சட்டை மற்றவர் சட்டைக்குக் கீழே இருக்கக் கூடாது என்பவர். உருப்படியை வீட்டிலேயே எண்ணி, வண்டியில் எண்ணி, திரும்ப வாங்கும்போதும் எண்ணுபவர்.

அந்த மூன்றாமவரை ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக்கினேன். அப்படி ஆக்கியதுமே அவர் எண்ண மாட்டார் என்று தெரிந்துவிட்டது. வருகைப் பதிவுதான் எடுப்பார்.

முதல் கட்டம்: “பதினாறு கொடுத்தேன்.” “பதினாறும் இருக்கிறது ஐயா.” இரண்டாம் கட்டத்தில் அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தாளைப் பிரிக்கிறார். “நீலக் கோடு?” வேலு சட்டையின் கையைத் தூக்கிப் பிடித்து, “உள்ளேன் ஐயா.” மூன்றாவதில், “வெள்ளைக் கைக்குட்டை?” என்று கேட்கிறார், பதில் இல்லை. வேலு அடுக்கைப் புரட்டுகிறார். நான்காம் கட்டத்துக்கு இரண்டு முடிவு கையில் இருந்தன. ஒன்று, வேலு சொல்வது: “விடுப்பு விண்ணப்பம் கொடுத்திருக்கிறது ஐயா.” மற்றது, வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் நாய் ஒரு காலை மெல்லத் தூக்குவது; காலுக்கு அடியில் கைக்குட்டை.

அக்காவிடம் இரண்டையும் காட்டினேன். விடுப்பு விண்ணப்பத்துக்குத்தான் அவள் சிரித்தாள். நாயைப் பார்த்து, “நன்றாக இருக்கிறது தம்பி” என்று மட்டும் சொன்னாள். இருந்தாலும் நாயைத்தான் போட்டேன். விடுப்பு விண்ணப்பத்தைச் சொன்னால் வேலு கெட்டிக்காரர் ஆகிவிடுகிறார். மறுவாரம் அவர் இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு வேண்டியது பதில் சொல்லத் தெரியாமல் அடுக்கைப் புரட்டுகிற வேலு. நாய் பேசாது என்பதும் அன்றே விதியாகிவிட்டது. கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லட்சுமணின் ‘சாமானிய மனிதர்’ என்ற பாத்திரம் 1951-லிருந்து கட்டம் போட்ட கோட்டும் வேட்டியுமாக வாய் திறக்காமலேயே நாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர். எல்லாரும் பேசும் இடத்தில் பேசாத ஒருவருக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு அவரைவிட நல்ல பாடம் இல்லை.

நான்கு கட்டம் என்பது ஜப்பானியப் பத்திரிகைகள் நெடுங்காலமாகப் புழங்கும் வடிவம். தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிவு என்று அவர்கள் அதற்கு இலக்கணமே வைத்திருக்கிறார்கள். சீனக் கவிதையிலிருந்து வந்த இலக்கணம். கவனிக்க வேண்டியது, திருப்பம் அதில் மூன்றாவது இடத்தில் வருகிறது. நம் துணுக்குகளிலோ எல்லாப் பாரமும் கடைசி வரியின் தலையில். மூன்றாவதில் திருப்பிவிட்டால் நான்காவது கட்டம் கத்த வேண்டியதில்லை, நாய் காலைத் தூக்கினால் போதும்.

ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனிப் படமாகப் போடுகிறேன். படிக்கிறவர் விரலால் தள்ளித்தான் அடுத்ததைப் பார்க்க வேண்டும். ஒரே தாளில் நான்கையும் அச்சிட்டால் கண் முன்கூட்டியே ஓடி நாயைப் பார்த்துவிடும். இங்கே அந்த ஒரு கணத் தாமதத்தைப் படிக்கிறவரின் விரலே உண்டாக்கிக் கொடுக்கிறது. அச்சில் வரைந்தவர்களுக்கு இந்தச் சலுகை இருந்ததில்லை.

டிசம்பர்

இந்த மாதம் வசனமே இல்லாமல் ஒன்று. தாத்தா வீட்டில் பைண்டு செய்து வைத்திருந்த பழைய ஆனந்த விகடன்களில் ஓவியர் கோபுலுவின் வசனமில்லாச் சிரிப்புப் படங்களைப் பார்த்த நாளிலிருந்து இந்த ஆசை உண்டு. அவர் படங்களில் சிரிப்புக்குரியவரை விட்டு, பக்கத்தில் நிற்பவரைப் பாருங்கள். அவர் முகத்தில்தான் சேதி இருக்கும்.

என்னுடையது கரை வேட்டி. இரண்டு கட்சிக்காரர்கள், ஒரே நாள் பொதுக்கூட்டம், இரண்டு வெள்ளை வேட்டிகள். வேலு கரை உள்ளே போகும்படி மடிக்கிறார். இரண்டு வேட்டியும் ஒன்றுபோல. இரண்டு பேரும் ஆளுக்கொன்றை எடுத்துப் போகிறார்கள். கடைசிக் கட்டம் மேடை: தலைவர் கை கூப்பியபடி நிற்கிறார், பின்னால் இருக்கும் தொண்டர்கள் எல்லாருடைய கண்ணும் அவர் கணுக்காலில். கரையின் நிறங்களை இருக்கும் கட்சிகளுக்குப் பொருந்தாதபடி தேர்ந்தெடுக்கத்தான் அதிக நேரம் ஆனது. தமிழ்நாட்டில் கருப்பு, சிவப்பு, வெள்ளை, பச்சை, மஞ்சள், நீலம் எல்லாவற்றுக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். கடைசியில் ஒன்றுக்குப் புள்ளி, மற்றதற்குக் கட்டம் என்று சாம்பல் நிறத்திலேயே முடித்தேன்.

மார்ச்

கணக்கு முடிக்கும் மாதம். பேனாவைத் தொட நேரமில்லை என்று தெரிந்தே ஜனவரியில் கையிருப்பு சேர்த்து வைத்தேன். கையிருப்பு இல்லாமல் வாரக் கெடு வைத்துக்கொள்வதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கெடுவின் முந்தைய இரவில் பிறக்கும் ஜோக் பெரும்பாலும் கேட்ட ஜோக்காகவே இருக்கும்.

இடையில் கற்பனை வறண்ட வாரங்களும் இருந்தன. அப்போது ஜோக் யோசிப்பதை அடியோடு நிறுத்திவிட்டு, ஒரு பக்கம் முழுக்க ஒரே விஷயத்தை வரைவேன். இந்த முறை, துணி மூட்டையை மனிதர்கள் எப்படித் தூக்கி வருகிறார்கள் என்பது. ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில், ஒயர் கூடையில், துணிக்கடை மஞ்சள் பையில், போர்வையை முடிச்சுப் போட்டுத் தோளில். இஸ்திரி முடிந்து போகும்போது இன்னொரு பக்கம்: அதே ஆட்கள் இரண்டு கையையும் நீட்டி, அடுக்கு கலையாமல், நைவேத்தியம் கொண்டுபோகிற நடையில் போகிறார்கள். வரும்போது மூட்டை, போகும்போது மரியாதை. அப்படி வரைந்துகொண்டிருந்தபோது ஒருவர் மூட்டையை முதுகுக்குப் பின்னால் வைத்திருப்பதுபோல் கை போய்விட்டது. ஏன் மறைக்கிறார்? வீட்டில் தன் சட்டையைத் தானே இஸ்திரி போடுவதாகச் சொல்லி வைத்திருக்கிறார். மனைவி அதை நம்பி, தன் பட்டுப் புடவையையும் அவரிடமே கொடுத்திருக்கிறார். இந்த மனிதர் இப்போது நிரந்தரப் பாத்திரம். ஆறு வாரத்துக்கு அவரே சோறு போட்டார்.

வரைந்த கை யோசிப்பது, யோசித்த தலை வரைவதைவிட விரைவாக இருக்கிறது. என் அளவில் சொல்கிறேன். எழுத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது தலைகீழாக இருக்கலாம்.

ஏப்ரல்

தெரு இஸ்திரிக்காரர் கேஸ் பெட்டிக்கு மாறிவிட்டார். வண்டிக்கு அடியில் சிலிண்டர், அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய். கரி வாங்க வேண்டாம், பற்றவைக்க வேண்டாம், சாம்பல் பயம் இல்லை, வேலையும் வேகம். அவருக்கு மகிழ்ச்சி. எனக்கு வீச்சு போய்விட்டது. குழாய் பூட்டிய பெட்டியை யார் வீசுவார்கள்?

வேலுவைக் கரியிலேயே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அப்படி விட்டால் இது பழைய காலத்து ஏக்கக் கதையாகிவிடும். இஸ்திரிப் புகையில் நாள் முழுக்க நிற்காத என்னைப் போன்றவன் அந்த ஏக்கத்தை வரைவது அவ்வளவு நியாயமில்லை. அதனால் வேலுவும் மாறுகிறார். ஆனால் பழக்கம் விடாமல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெறும் கையை வீசுகிறார். வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் கையை வீசுகிறார்கள். தலைமையாசிரியர் அதை உடற்பயிற்சி வகுப்பாக்கிவிடுகிறார். சிலிண்டர் வந்த இடத்தில் நாய்க்கு இடம் போய்விட்டது. அது இப்போது மேலே, இஸ்திரி போட்ட துணி அடுக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. வேலு அதைக் கீழே இறக்குவதும் அது மறுபடி ஏறுவதும் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் தனிக்கதையாக ஓடுகிறது.

இதை இஸ்திரிக்காரரிடம் கைப்பேசியில் காட்டினேன். ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, “சட்டையில் முதலில் காலர் போட வேண்டும் தம்பி. உங்கள் ஆள் முதுகிலிருந்து ஆரம்பிக்கிறார்” என்றார். அடுத்த படத்திலிருந்து காலர், கை, பிறகு உடல். இதையும் தலைமையாசிரியர் கவனித்துப் பாராட்டும்படி ஒன்று வைத்திருக்கிறேன்.

மே

ஜூனில் பள்ளி திறக்கும் தொடருக்குப் பென்சில் வேலை நடக்கிறது. வண்டி முழுக்கச் சீருடை, எல்லாம் ஒரே கட்டம் போட்ட துணி, எது யாருடையது என்று வேலுவுக்குத் தெரியாது. ஜோக் தயார், துணியின் கட்டம்தான் தயாரில்லை. தட்டையான கட்டத்தை ஒட்டவைத்தால் சட்டை சுவராகத் தெரிகிறது. மடிப்போடு வளைந்து, கையருகே உடைந்து, காலரில் சாய்ந்து போக வேண்டும். அக்கா மகனின் சீருடையைக் கடன் வாங்கி நாற்காலியில் போட்டுவிட்டு வரைந்துகொண்டிருக்கிறேன். பள்ளி திறப்பதற்குள் துவைத்து, இஸ்திரி போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது அக்காவின் நிபந்தனை.