டொலிடோவில் கண்ணாடி ஊதக் கற்றது

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டொலிடோ நகரில், ஒரு சிறு பட்டறையின் தொடக்கநிலை வகுப்பில் கண்ணாடி ஊதக் கற்றேன். முதல் வகுப்பின் பெரும்பகுதி, நீண்ட எஃகு ஊதுகுழலை விரல்களால் இடைவிடாமல் சீராகச் சுழற்றப் பழகுவதிலேயே சென்றது. 1,100 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்தில் உருகிக் கிடக்கும் கண்ணாடி, குழல் முனையில் சுற்றி எடுத்த கணத்திலிருந்தே கீழ்நோக்கி இறங்கத் தொடங்குகிறது. சுழற்சி நின்றால் உருண்டை ஒருபக்கமாகத் தொங்கிவிடும். அதில் ஊதினால் சுவர் ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் போகும். ஆகவே, கைகள் பழகும்வரை ஆசிரியர் எங்களை ஊதவே விடவில்லை. அதுவே சரியான முறை என்பது என் கருத்து.

ஊதுவதற்குப் பெருமூச்சு தேவையில்லை. எஃகு மேசைமீது உருட்டிக் கண்ணாடியின் மேற்பரப்பைச் சற்று இறுகச் செய்தபின், குழலுக்குள் சிறிது காற்றை ஊதி, உடனே துளையைக் கட்டைவிரலால் மூடிவிட வேண்டும். அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து, தானே குமிழியாகிறது.

இந்தக் கலையைத் தனி மனிதர் கற்க முடிவதே இந்த ஊரால்தான் என்று சொல்லலாம். பெரும்பாலும் தொழிற்சாலைக்குள் நடந்த இவ்வேலையைக் கலைஞரின் சிறு உலைக்குக் கொண்டுவர, 1962இல் மட்பாண்டக் கலைஞரான ஹார்வி லிட்டில்டன் டொலிடோ கலை அருங்காட்சியக வளாகத்தில் பயிலரங்கு நடத்தினார். முதலில் உருக்கிய கலவை வேலைக்கு உதவவில்லை. கண்ணாடித் தொழில்நுட்பம் அறிந்த டொமினிக் லபினோ, கண்ணாடி இழை தயாரிக்கப் பயன்படும் கோலிகளை உருக்கச் சொன்னார். லிபி கண்ணாடி நிறுவனத்தில் ஊதுபவராக இருந்து ஓய்வுபெற்ற ஹார்வி லீஃப்கிரீன் வந்து செய்துகாட்டினார்.

எனக்கு மிகவும் பிடித்தது ஈரத்தாள் வேலை. பல மடிப்பாக மடித்து நன்கு நனைத்த செய்தித்தாளை உள்ளங்கையில் ஏந்தி, சுழலும் கண்ணாடியை அதன்மேல் வைத்து உருவம் கொடுக்கிறோம். இடையில் எழும் நீராவி கையைக் காக்கிறது; தாளின் ஓரம் கருகி மணக்கிறது. எந்தப் பக்கம் இளகியிருக்கிறது, எந்தப் பக்கம் இறுகிவிட்டது என்பது கண்ணுக்கு முன்னே கைக்குத் தெரிந்துவிடுகிறது.

பிறகு பெரிய இடுக்கியால் கழுத்தை ஒடுக்கி, அடிப்பக்கத்தில் வேறொரு கம்பியை ஒட்டி, குழலிலிருந்து தட்டிப் பிரித்து, வாய்ப்பகுதியை மீண்டும் சூடாக்கி விரிக்க வேண்டும். கம்பியைக் கொண்டுவந்து ஒட்ட உதவியாளர் வேண்டும் என்பதால், சக மாணவரின் வேகத்தைப் புரிந்துகொள்வதும் பாடத்தில் சேர்ந்ததே. முடிந்த குவளை சுமார் 480 டிகிரியில் உள்ள, சூட்டை ஆற்றுவதற்கான சூளைக்குள் சென்று இரவு முழுவதும் மெல்லக் குளிர்கிறது; விரைவாகக் குளிர்ந்தால் வெளிப்புறம் முதலில் இறுகி, உள்ளே இழுவிசை தங்கி, குவளை வெடித்துவிடும்.

புதிதாகச் சேர்பவர்கள் முதல் சில குவளைகளை நிறமற்ற கண்ணாடியிலேயே செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். நிறக் கண்ணாடிகள் சூட்டில் ஒன்றுபோல் இளகுவதில்லை. அடர்ந்த நிறம் சுவரின் தடிமனையும் மறைத்துவிடுகிறது.