அழிய மறுத்த ஃபோல்டர்

"அண்ணன், சேமிப்புப் பெட்டியில் ஒரு ஃபோல்டர் அழியவே மாட்டேன் என்கிறது. சேர்வரை ஒருமுறை றீஸ்டார்ட் செய்துவிடட்டுமா?"

கேட்டவன் மட்டக்களப்பு நகரில் உள்ள எங்கள் ஹார்ட்வெயார் கடையின் கணினிப் பிரிவுக்குப் புதிதாக வந்த தம்பி. கணினிப் பிரிவு என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். நானும் அவனும், பெயின்ட் வாளிகள் அடுக்கிய அறையின் ஒரு மூலையும்தான். இடம் போதவில்லை என்ற எச்சரிக்கையைக் கண்டு, பழையது என்று தானே முடிவுகட்டிய ஒன்றை அழிக்கப் போயிருக்கிறான். முகத்தில் குற்ற உணர்வே இல்லை. முறைப்பாடு கொடுக்க வந்தவனின் முகம்.

ஃபோல்டரின் பெயரைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கடைக் கணக்கும் செங்கலடிக் கிளையின் இருப்பும் ஓடுகின்ற மெய்நிகர் இயந்திரத்தின், அதாவது சேர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினியின், வட்டுக் கோப்பு அதற்குள்தான் இருந்தது. இப்போது அந்தப் பெயரில் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் இருந்த பேக்கப் பிரதியும் இல்லை. பெட்டியில் குப்பைத்தொட்டி வசதி உண்டு, ஆனால் அது விண்டோஸ் வழியாக அழித்தவற்றுக்குத்தான்.

வெளியே காசாளர் அக்கா ஒன்றும் நடக்காததுபோல் சீமெந்துக்குப் பில் அடித்துக்கொண்டிருந்தார். பெயரே இல்லாத வட்டில் வியாபாரம் அமோகமாக நடந்தது.

காரணம் இதுதான். வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிர சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் கொண்டுவந்த என்.எஃப்.எஸ். முறையில்தான் சேர்வர் அந்தப் பெட்டியோடு பேசுகிறது. நாங்கள் வைத்திருக்கும் மூன்றாம் பதிப்பில், எந்தக் கோப்பை யார் திறந்திருக்கிறார் என்பதைப் பெட்டி நினைவில் வைப்பதில்லை. அந்தக் கவலை சேர்வருடையது. திறந்திருக்கும் கோப்பை அழிக்கச் சொன்னால், சேர்வர் அதற்குப் புள்ளியில் தொடங்கும் ஒரு மறைவுப் பெயரைச் சூட்டி ஒளித்துவைக்கும். பிடித்திருக்கும் நிரல் விட்டபிறகுதான் அழிக்கும். பேக்கப்பை எவரும் திறந்திருக்கவில்லை, போய்விட்டது. ஃபோல்டரை அழியவிடாமல் தம்பியை எதிர்த்து நின்றது அந்த மறைவுக் கோப்பு. இயந்திரம் ஓடுகின்ற அதே சேர்வரிலிருந்து அழித்ததால் தப்பினோம். தன் மடிக்கணினியிலிருந்து அழித்திருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும்.

"எதையும் நிறுத்தாதே" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, மார்கழி மழைக்கு மின்சாரம் போனது. யூபிஎஸ் கீச்சிடத் தொடங்கியது. இதில் ஒரு வேடிக்கை: சேர்வர் திடீரென்று செத்துப்போனால் அந்த மறைவுக் கோப்பு அப்படியே கிடக்கும், மரியாதையாக நிறுத்தினால்தான் அழியும். எங்கள் யூபிஎஸ் மிகுந்த மரியாதைக்காரன். பற்றரி இறங்கியதும் சேர்வரை முறைப்படி நிறுத்திவைப்பான்.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். குளிர்சாதனப் பெட்டி முதல் லொறி வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான். "ஒருமுறை நிறுத்திப் போடுங்கள், சரிவரும்." தம்பி என்னைப் பார்த்து, தான் சொன்னது சரிதானே என்பதுபோல் கண்ணைச் சிமிட்டினான்.

நான் பதில் சொல்லாமல் அந்த மறைவுக் கோப்புக்கு ஒரு ஹார்ட் லிங்க் போட்டேன். பிரதி எடுக்கத் தேவையில்லை. அதே தரவுக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். பழைய பெயர் போனாலும் இந்தப் பெயர் தரவைப் பிடித்து வைத்திருக்கும். ஒரே வரிக் கட்டளை. அதைத் தட்டிய விரல்கள் நடுங்கியதை பெயின்ட் வாளிகள் மட்டுமே பார்த்தன.

பிறகு அக்காவிடம் கெஞ்சி, கையில் இருந்த பில்லை முடிக்கவைத்து, இயந்திரத்தை நிறுத்தினேன். மறைவுக் கோப்பு மறைந்தது, லிங்க் அப்படியே இருந்தது. அதற்குப் பழைய பெயரைக் கொடுத்து இயக்கினேன். கடைசி பில் உட்பட எல்லாம் இருந்தது.

சூட்டோடு சூடாக, பேக்கப்புக்குத் தனியாக ஒரு வட்டு வாங்க வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்:

"அழித்தாலும் அழியாத பெட்டி என்று இப்போதுதானே காட்டினீர்கள் தம்பி. பிறகு எதற்கு இன்னொன்று?"