வளர்ந்த பிறகு தெரியவரும் ஆட்டிசம்: சான்றிதழ் வாங்கலாமா?

நோயறிதல் வேறு, அரசு தரும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பலர் தயங்குகிறார்கள்.

மனநல மருத்துவரோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டோ தரும் அறிக்கை உங்கள் கையில் இருக்கும். யாரிடம் காட்டுவது என்பது உங்கள் விருப்பம். வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கும்போது வெளியே தெரிந்துவிடுமோ என்று அஞ்சுபவர்கள் உண்டு. அந்தப் பயம் நியாயமானதே.

சான்றிதழுக்கு யூடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான அரசுத் தளத்தில் விண்ணப்பித்து, மருத்துவக் குழுவின் முன் போக வேண்டும். அங்கே ஆட்டிசத்தை மதிப்பிடும் இந்திய அளவுகோலான ஐசாவைப் பயன்படுத்துவார்கள்: 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண்; சிரமம் கூடினால் மதிப்பெண்ணும் கூடும். மொத்தம் 70-க்குக் கீழே போனால் ஆட்டிசம் இல்லை என்று ஆகிவிடும். முதல் கூறே கண் பார்த்துப் பேசுவது பற்றியதுதான். எதிரே இருப்பவரின் புருவ மத்தியைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டவருக்கு அதில் 1தான் விழக்கூடும். உள்ளே படும் பாடு தாளில் ஏறாது. எனவே சிறுவயதில் எப்படி இருந்தீர்கள் என்று தெரிந்த அம்மாவையோ அக்காவையோ கூட்டிப்போங்கள். பழைய பள்ளி ரிப்போர்ட் கார்டும் உதவும்.

சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமாவது என்று வந்தால் அரசு வேலை இடஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். பழைய வருமான வரி முறையில் 75,000 ரூபாய் கழிவும் உண்டு. இவை தேவைப்படாமல், தன்னைப் புரிந்துகொள்ள மட்டும் விரும்புபவருக்குத் தனிப்பட்ட அறிக்கையே போதும் என்பேன்.